எண்ணெய் தூக்கும், காற்று நிறுத்தும்

ஒரு லாரி, இரண்டு புதிர்கள்

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டினால் பெருங்களத்தூர். மதுரவாயல் வழியாகப் புழல் போகும் புறவழிச்சாலை பிரிவது இந்தப் பகுதியில்தான். இன்னும் சற்றுத் தெற்கே, வண்டலூரில் வெளிவட்டச் சாலை தொடங்குகிறது. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிரஷர்களிலிருந்து நகரத்துக்கு வரும் ஜல்லியும் எம்-சாண்டும் இந்த முனைக்கு வந்துதான் திசை பிரிகின்றன. அதனால் இங்கே குடியிருப்பவர்களுக்கு டிப்பர் லாரி அன்றாடக் காட்சி. கட்டடம் எழும்பும் மனைக்கு முன்னால் லாரி பின்வாங்கி நிற்கும். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமலே ஒரு லிவரைத் தள்ளுவார். கேபினுக்குப் பின்னாலிருந்து தொடைப் பருமனுள்ள ஓர் இரும்புத் தண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக நீண்டுகொண்டே மேலே போகும். 20 டன் பாரம் பெட்டியோடு சாய்ந்து, ஜல்லி சரசரவென்று கொட்டும். அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். இத்தனை பலம் அந்தத் தண்டுக்கு எங்கிருந்து வந்தது? இது முதல் புதிர்.

இரண்டாவது புதிரைக் காதால் கேட்கலாம். அதே லாரி சிக்னலில் நின்று புறப்படும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். அது பிரேக்கிலிருந்து வெளியேறும் காற்று. தூக்குவதற்கு எண்ணெயை நம்பும் லாரி, நிற்பதற்கு ஏன் காற்றை நம்புகிறது? எண்ணெய்க்குப் பலம் அதிகம், அதனால் கனமான வேலைக்கு எண்ணெய், லேசான வேலைக்குக் காற்று என்பதுதான் பலரும் சொல்லக்கூடிய விடை. ஆனால் 28 டன் எடையோடு ஓடும் வண்டியை நிறுத்துவது எந்த வகையில் லேசான வேலை? விடையை வேறிடத்தில் தேட வேண்டும். எண்ணெய் பலத்தை உண்டாக்குவதில்லை. அது எஞ்சினின் பலத்தை உருமாற்றி, வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. எந்த வேலைக்கு எண்ணெய், எந்த வேலைக்குக் காற்று என்பதை, பழுதானால் என்ன நடக்கும் என்ற கேள்வியே பெரும்பாலும் முடிவு செய்கிறது. இந்த அத்தியாயம் நிறுவ முயல்வது இதைத்தான்.

அழுத்தினால் எங்கே போகிறது?

திண்மமான ஒரு கட்டையை மேலிருந்து அழுத்தினால், அந்த விசை பெரும்பாலும் நேராகக் கீழே போய்ச் சேரும். மூடிய கலத்தில் நிரம்பிய திரவம் அப்படி நடந்துகொள்வதில்லை. அதற்கென்று உருவம் கிடையாது. ஓரிடத்தில் அழுத்தினால் நழுவிப் போகப் பார்க்கும். நழுவ இடமில்லையென்றால், கலத்தின் எல்லாச் சுவர்களையும் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவாகத் தள்ளும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோ வீதம் அழுத்தினால், கலத்தின் உள்ளே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் கூடுதலாக ஒரு கிலோ அழுத்தத்தை உணரும். பரப்பின் ஓர் அலகின் மேல் விழும் இந்த விசையைத்தான் அழுத்தம் என்கிறோம். பிரான்ஸின் பிளேஸ் பாஸ்கல் இதைத் தெளிவாக எழுதி வைத்தார். அவர் 1662-இல் இறந்தார், நூல் 1663-இல் வெளிவந்தது.

இதிலிருந்து ஒரு வியப்பான விளைவு பிறக்கிறது. ஒரு கலத்தில் இரண்டு வாய்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பு, மற்றது 100 சதுர சென்டிமீட்டர். இரண்டிலும் வழுக்கி நகரும் பிஸ்டன்கள் உண்டு. சிறிய பிஸ்டனைப் பத்து கிலோ விசையோடு தள்ளினால், பெரிய பிஸ்டனின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் பத்து கிலோவை வாங்கிக்கொள்கிறது. மொத்தம் ஆயிரம் கிலோ. பஞ்சர் கடையில் லாரியின் அச்சை ஒருவர் கையாலேயே உயர்த்திவிடும் ஜாக்கி இந்த ஏற்பாட்டில்தான் வேலை செய்கிறது. பள்ளிப் பாடநூல் இவற்றை நீரியல் கருவிகள் என்கிறது, பட்டறையில் ஹைட்ராலிக் என்பார்கள். டிப்பரில் சிறிய பிஸ்டனின் இடத்தை ஒரு பம்பு பிடித்துக்கொள்கிறது. பெரிய பிஸ்டன், கேபினுக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தண்டு. இடையில் ஒரு ரப்பர் ஹோஸ், ஓர் எண்ணெய்த் தொட்டி, சில வால்வுகள். அவ்வளவுதான்.

நான்கு யூனிட் ஜல்லி

எண்களைப் போட்டுப் பார்த்தால் படம் தெளிவாகும். மூன்று அச்சும் பத்துச் சக்கரமும் கொண்ட ஒரு டிப்பரை எடுத்துக்கொள்வோம். வண்டியும் சரக்குமாக அதற்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 28 டன். அதில் சுமார் நான்கு யூனிட் ஜல்லி ஏறும். ஒரு யூனிட் என்பது நூறு கனஅடி, ஜல்லியாக இருந்தால் ஏறக்குறைய நாலரை டன். நான்கு யூனிட்டுக்கு 17, 18 டன் வரும். தூக்கும்போது இரும்புப் பெட்டியின் எடையும் சேரும் என்பதால் மொத்தம் 20 டன் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நீளம் 5 மீட்டர்.

தண்டு முழு 20 டன்னையும் தாங்குவதில்லை என்பது முதலில் கவனிக்க வேண்டியது. பெட்டியின் பின்முனை ஒரு கீலில் மாட்டப்பட்டிருக்கிறது. தண்டு தள்ளுவது முன்முனையை. பாரம் நடுவில் சீராகப் பரவியிருந்தால், ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் தூக்குவது போல, கீல் பாதியையும் தண்டு பாதியையும் ஏற்கின்றன. ஆகவே தண்டு தர வேண்டிய விசை 10 டன். தண்டின் மிக அகலமான பகுதியின் விட்டம் 15 சென்டிமீட்டர் என்றால், அதன் அடிப்பரப்பு சுமார் 177 சதுர சென்டிமீட்டர். 10,000 கிலோவை 177-ஆல் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 57 கிலோ. கார் டயரில் இருக்கும் அழுத்தம் 2 கிலோவுக்குச் சற்று மேல், லாரி டயரில் சுமார் 8 கிலோ. எண்ணெயில் வேண்டிய அழுத்தம் லாரி டயரைப் போல ஏழு மடங்கு. நல்ல எஃகுக் குழாய்க்கு இது ஒரு பொருட்டே அல்ல.

இந்த 57 கிலோவைப் பம்பு முன்கூட்டியே தயாரித்து வைத்திருப்பதில்லை. பம்புக்குள் பல்லோடு பல் பொருந்திய இரண்டு சக்கரங்கள் சுழல்கின்றன. பற்களுக்கு இடையே சிக்கும் எண்ணெயை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளிவிடுகின்றன. கியர் பாக்ஸிலிருந்து எஞ்சினின் சுழற்சியைக் கடன் வாங்கி இந்தப் பம்புக்குத் தரும் இணைப்பை ஓட்டுநர்கள் பி.டி.ஓ. என்பார்கள். பம்பின் வேலை எண்ணெயை ஓட வைப்பது மட்டுமே. எதிரே தடை எதுவும் இல்லையென்றால் எண்ணெய் ஏறத்தாழ அழுத்தமின்றியே ஓடும். தடை எவ்வளவோ, அழுத்தம் அவ்வளவு ஏறும். காலிப் பெட்டியைத் தூக்கும்போது அது ஏழெட்டுக் கிலோவிலேயே நின்றுவிடும். நான்கு யூனிட் இருந்தால் 57-க்கு உயரும். ஈர எம்-சாண்ட் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு 45 பாகை சாய்ந்த பிறகும் இறங்காவிட்டால் இன்னும் ஏறும். அந்த நிலையில் தண்டு தர வேண்டிய விசை ஏழரை டன்னாகக் குறைந்திருந்தாலும், அப்போது தள்ளிக்கொண்டிருப்பது 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய பகுதி. அதன் பரப்பு 78 சதுர சென்டிமீட்டர்தான் என்பதால் அழுத்தம் 95 கிலோவைத் தொடும். அளவுக்கு மீறினால் ஒரு காப்பு வால்வு திறந்து எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். பக்கப் பலகையை உயர்த்திக் கட்டி அதிகச் சரக்கு ஏற்றிய பெட்டி சில நேரம் எழும்ப மறுப்பதற்குக் காரணம் இந்த வால்வு. எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் அது கேட்காது.

தண்டு விரியும் வரிசையையும் இதே கணக்கு தீர்மானிக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கும் குழாய்களில் மிக அகலமானது முதலில் எழும், மெல்லியது கடைசியில். யாரும் அதற்கு உத்தரவு போடுவதில்லை. அகலமான குழாய்க்குப் பரப்பு அதிகம், ஆகவே குறைந்த அழுத்தத்திலேயே அதனால் பாரத்தைத் தள்ள முடியும். மெல்லியது நகர்வதற்கு வேண்டிய அழுத்தம் வருவதற்குள் அகலமானது நகர்ந்துவிடுகிறது. இது வசதியாகவும் அமைந்துவிடுகிறது. தொடக்கத்தில் பாரம் முழுதாக இருக்கும்போது வலுவான, மெதுவான குழாய். போகப் போக ஜல்லி சரிந்து பாரம் குறையும்போது மெல்லிய, வேகமான குழாய்.

இலவசமாக எதுவும் வரவில்லை

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பத்து கிலோவைத் தந்து ஆயிரம் கிலோவைப் பெறுவது எப்படிச் சாத்தியம்? ஏதோ ஒன்று ஓசியில் கிடைத்ததாக அல்லவா ஆகிறது? சிறிய பிஸ்டன் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டால் மறுப்பு கரைந்துபோகும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் ஒரு சென்டிமீட்டர் உயர வேண்டுமானால், அதன் அடியில் 100 கன சென்டிமீட்டர் எண்ணெய் புக வேண்டும். அந்த எண்ணெயைத் தர, ஒரு சதுர சென்டிமீட்டர் பிஸ்டன் 100 சென்டிமீட்டர் போயாக வேண்டும். விசை நூறு மடங்கு கூடியபோது, தூரம் நூறில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயிலின் உச்சிக் கல்லைச் சாரப்பள்ளத்திலிருந்து நெடுஞ்சாரம் கட்டி இழுத்து ஏற்றினார்கள் என்ற செவிவழிக் கதை நமக்குத் தெரியும். கதை உண்மையோ இல்லையோ, அதன் பின்னுள்ள அறிவு உண்மை: செங்குத்தாகத் தூக்க முடியாததை நீண்ட சரிவில் சிறுகச் சிறுக ஏற்றலாம். ஹைட்ராலிக் என்பது குழாய்க்குள் சுருட்டி வைத்த ஒரு சாரம்.

நம் டிப்பருக்கு இந்தக் கணக்கைப் போட்டால் விடை எதிர்பாராததாக இருக்கும். பெட்டி 45 பாகை சாய, தண்டு ஏறக்குறைய 4 மீட்டர் நீள வேண்டும். குழாய்களின் சராசரிப் பரப்பு 120 சதுர சென்டிமீட்டர் என்றால் உள்ளே போக வேண்டிய எண்ணெய் சுமார் 48 லிட்டர். அதை அரை நிமிடத்தில் அனுப்பினால் நொடிக்கு 1.6 லிட்டர். 57 கிலோ அழுத்தத்தில் அந்த வேகத்தில் எண்ணெயைத் தள்ள வேண்டிய திறன் சுமார் 12 குதிரைத்திறன். பம்பிலும் குழாய்களிலும் வீணாவதைச் சேர்த்தாலும், ஒரு யூனிட் கூடச் சரியாமல் கடைசிவரை அப்படியே இருந்தாலும், 20 குதிரைத்திறனுக்குள் அடங்கும். சாதாரண 150 சி.சி. மோட்டார் சைக்கிள் எஞ்சின் 13, 14 குதிரைத்திறன் தருகிறது. 200 குதிரைத்திறனை ஒட்டிய லாரி எஞ்சினுக்கு, தூக்கும் வேலை பத்தில் ஒரு பங்குகூட இல்லை. டிப்பரின் தண்டில் அசுர பலம் எதுவும் இல்லை. மெதுவாகச் செய்வதற்கான பொறுமைதான் இருக்கிறது.

பல்சக்கரமும் சங்கிலியும் இதே பரிமாற்றத்தைச் செய்யுமே, எண்ணெய் எதற்கு என்று கேட்கலாம். செய்யும். ஆனால் சக்கரத்துக்குச் சக்கரம் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், சங்கிலி நேர்கோட்டில் ஓட வேண்டும். எண்ணெய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஹோஸ் வளையும், நெளியும், ஆடும். ஜே.சி.பி.யின் கையில் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மூன்று மூட்டுகளும் தனித்தனியே அசைய, எஞ்சின் மட்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது இதனால்தான். முற்காலத்து எக்ஸ்கவேட்டர்கள் இரும்புக் கயிறும் உருளையுமாக இயங்கியவை. எண்ணெய் உருளைகள் வந்ததும் கயிறுகள் பெரும்பாலும் விடைபெற்றன. இன்னொரு வசதியும் உண்டு. லிவரை நடுவில் வைத்தால் வால்வு மூடிக்கொள்கிறது, எண்ணெய் உள்ளே சிறைப்படுகிறது. எஞ்சினை அணைத்தாலும் பெட்டி அந்தரத்தில் நிற்கும்.

தோல் வளையத்துக்குக் காத்திருந்த 130 ஆண்டுகள்

இவ்வளவு எளிய கருத்து பயனுக்கு வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று? பாஸ்கல் எழுதியது 17-ஆம் நூற்றாண்டில். லண்டனில் ஜோசப் பிராமா நீரியல் அழுத்தப்பொறிக்குக் காப்புரிமை பெற்றது 1795-இல். இடையில் ஏறக்குறைய 130 ஆண்டுகள். தடையாக நின்றது ஒழுக்கு. பிஸ்டன் எளிதாக நகர வேண்டுமானால் சுவருக்கும் அதற்கும் இடையே இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் அழுத்தப்பட்ட நீர் அதன் வழியே பீறிடும். இறுக்கி அடைத்தால் பிஸ்டன் நகராது. பிராமாவிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே உருவாக்கியதாகச் சொல்லப்படும் கிண்ண வடிவத் தோல் வளையம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நீரின் அழுத்தமே வளையத்தின் விளிம்பை விரித்துச் சுவரோடு ஒட்ட வைக்கும். அழுத்தம் ஏற ஏற அடைப்பும் இறுகும். அழுத்தம் இறங்கியதும் தளர்ந்து பிஸ்டனுக்கு வழி விடும்.

இன்றைய டிப்பரில் தோலுக்குப் பதில் செயற்கை ரப்பர் வந்திருக்கிறது. பட்டறையில் அதை ஆயில் சீல் என்பார்கள். ஆனால் தத்துவம் மாறவில்லை. ஜல்லித் தூசு படிந்த தண்டு உள்ளே போகும்போதெல்லாம் அந்த விளிம்பு கொஞ்சம் தேய்கிறது. தேய்ந்த சீலோடு உயர்த்தி நிறுத்திய பெட்டி தானாக மெல்ல மெல்ல இறங்கும். பாஸ்கலின் விதி சரியா தவறா என்பது எந்த லாரியிலும் பிரச்சினை ஆவதில்லை. சில நூறு ரூபாய் வளையம்தான் பிரச்சினை ஆகிறது.

தண்ணீர் ஏன் இல்லை? காற்று ஏன் இல்லை?

பிராமாவும், 1840-களில் நீரியல் கிரேன் செய்த வில்லியம் ஆம்ஸ்ட்ராங்கும் தண்ணீரைத்தான் பயன்படுத்தினார்கள். தண்ணீர் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், குளிர்நாட்டில் உறையும், உரசும் பரப்புகளுக்கு வழவழப்புத் தராது. எண்ணெய் இந்த மூன்றையும் தீர்த்தது. கூடவே சீலையும் பம்பின் பற்களையும் காப்பாற்றியது. தண்ணீரை எண்ணெய் தோற்கடித்தது பராமரிப்பில்தான். அழுத்தத்தைக் கடத்தும் திறமையில் இரண்டும் ஏறக்குறையச் சமம்.

காற்றின் கதை வேறு. லாரியின் காற்றுத் தொட்டியில் இருப்பது சுமார் 8 கிலோ அழுத்தம். அதைக் கொண்டு 10 டன் விசை பெற வேண்டுமானால் 1,250 சதுர சென்டிமீட்டர் பரப்பு, அதாவது 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை தேவை. பருமன்தான் சிக்கல் என்றால் எப்படியோ சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது காற்றின் குணம். காற்று சுருங்கும், சுருங்கிய காற்று விரியத் துடிக்கும். 10 டன்னைத் தாங்கிக்கொண்டிருக்கும் காற்றுத் தூணின் மேலிருந்து பாதி ஜல்லி திடீரென்று சரிந்து விழுந்தால், மீதிப் பாரத்தைக் காற்று மேலே தூக்கி எறியும். ஓட்டுநரின் லிவருக்கு அங்கே வேலையே இருக்காது. எண்ணெயோ 57 கிலோ அழுத்தத்தில் நூற்றில் அரைப் பங்குகூடச் சுருங்குவதில்லை. பாரம் போனதும் அழுத்தம் இறங்கும், தண்டு நின்ற இடத்தில் நிற்கும். எண்ணெயின் முதல் தகுதி இந்தச் சுருங்காமை. லிவர் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவுதான் தண்டு நகரும்.

அப்படியானால் பிரேக்கில் ஏன் காற்று?

இத்தனைக்குப் பிறகு, பிரேக்கிலும் எண்ணெயைத்தானே வைத்திருக்க வேண்டும் என்று வாசகர் கேட்பார். முதலில், பிரேக்குக்கு எவ்வளவு விசை வேண்டும் என்று பார்ப்போம். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில் பிரேக் ஷூ போய் ஒட்ட வேண்டும். அது நகர வேண்டிய தூரம் மிகச் சிறியது. கனரக லாரியின் ஒரு சக்கரத்துக்கான காற்றறையின் பரப்பு சுமார் 190 சதுர சென்டிமீட்டர் என்றால், 8 கிலோ அழுத்தத்தில் ஒன்றரை டன் விசை கிடைக்கிறது. சக்கரத்துக்குச் சக்கரம் இப்படி ஓர் அறை. ஆகவே காற்றால் வேண்டிய விசையைத் தர முடியும். பலத்தைக் காரணம் காட்டிக் காற்றை ஒதுக்க வழியில்லை.

இப்போது இரண்டும் பழுதானால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். எண்ணெய்க் குழாயில் சிறு கசிவு இருந்தால், போன எண்ணெய் போனதுதான், ஓடும் வண்டியில் அதை நிரப்ப வழியில்லை. காற்றுக் குழாயில் சிறு கசிவு இருந்தால் எஞ்சினோடு சுழலும் கம்பிரஸர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். காற்றுக்குக் காசும் இல்லை. பெரிய கசிவு வந்தால்? இங்கேதான் லாரியின் மிகப் புத்திசாலித்தனமான பாகம் வருகிறது. பின்சக்கர அறைகளில் வலுவான ஒரு சுருள்வில் உண்டு. அந்த வில் எப்போதும் பிரேக்கை அழுத்தவே பார்க்கிறது. அதைப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து வைத்திருப்பது காற்று. காற்று முழுக்கப் போய்விட்டால் வில் விடுபட்டுப் பிரேக்கைப் பிடித்துவிடும். காலையில் வண்டியை எடுக்கும் ஓட்டுநர் ஏர் ஏறட்டும் என்று எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பதன் பொருள் இது. காற்று ஏறினால் ஒழிய வண்டி நகராது. நிறுத்திவிட்டுக் கைப்பிரேக்கை இழுக்கும்போது கேட்கும் புஸ், வில்லை விடுவித்து வெளியேறும் காற்று. மிதியிலிருந்து காலை எடுக்கும்போது கேட்கும் புஸ், வேலை முடிந்த காற்று. எண்ணெயைப் போல அதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, வெளியே விட்டுவிடலாம்.

ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே ஓடும் தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயில்களிலும் காற்றுப் பிரேக் உண்டு. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த தானியங்கிப் பிரேக்கின் அடிப்படை, குழாயில் காற்று இருக்கும்வரை பிரேக் விலகியிருக்கும், காற்று போனால் பிடிக்கும் என்பதே. பெட்டிகள் நடுவழியில் கழன்றால் இணைப்புக் குழாய் அறுபடும், காற்று வெளியேறும், இரண்டு துண்டுகளும் தாமாகவே நிற்கும். டிரெய்லர் லாரிகளிலும் அதே பாதுகாப்பு இருக்கிறது. போதாததற்கு, டிரெய்லரை மாட்டும்போதும் கழற்றும்போதும் ஹோஸைப் பிடுங்கிச் செருகினால் போதும். எண்ணெயாக இருந்தால் ஒவ்வொரு முறையும் சிந்தும், குமிழி புகும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். காற்று சுருங்கி நிரம்ப நேரம் எடுக்கும் என்பதால், மிதித்ததற்கும் பிரேக் பிடிப்பதற்கும் இடையே எண்ணெயைவிடச் சற்றுத் தாமதம் உண்டு. அரை நொடி என்று வைத்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் அது 8 மீட்டர். லாரிக்கு முன்னால் தெரியும் இடைவெளியைக் காலி இடம் என்று நினைத்துக் காரை நுழைப்பவர் பறித்துக்கொள்வது லாரி நிற்பதற்கான அந்த மீட்டர்களைத்தான். தாமதம் காற்றின் குறையே. ஆனால் அது முன்கூட்டித் தெரிந்த குறை, இடைவெளி விட்டு ஓட்டினால் சமாளிக்கலாம். எதிர்பாராத நேரத்தில் பிரேக்கே இல்லாமல் போவதைச் சமாளிக்க எந்த ஓட்டுநராலும் முடியாது.

டிப்பரின் எண்ணெய் ஹோஸ் வெடித்தால் பெட்டி விழாதா, அங்கே மட்டும் ஏன் எண்ணெயை அனுமதிக்கிறோம் என்ற கேள்வியும் நியாயமானது. விழக்கூடும். ஆனால் தூக்கும்போது வண்டி நின்றுகொண்டிருக்கிறது, ஆபத்து பெட்டியின் அடியிலும் அருகிலும் அடங்குகிறது. உருளையின் வாயிலேயே வால்வு வைத்தால், ஓட்டம் திடீரென்று அதிகரித்ததும் அது மூடிக்கொள்ளும். எண்ணெயை மட்டும் நம்பித் தூக்கிய பெட்டிக்கு அடியில் தலையை நுழைக்கக் கூடாது, இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே வேலை செய்ய வேண்டும் என்ற பட்டறை விதியும் இதே தர்க்கத்தில் பிறந்தது.

குட்டி யானையின் பிரேக்

கார்களும், குட்டி யானை என்று நாம் அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளும் எண்ணெய்ப் பிரேக்கில்தான் ஓடுகின்றன. இது மேலே சொன்னதற்கு முரண் போலத் தோன்றும். 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரத்துக்கும் எண்ணெய்ப் பிரேக்கோடு வந்தது. மால்கம் லாக்ஹீட் உருவாக்கிய முறை அது. ஒரு டன் எடையுள்ள வண்டியை நிறுத்த மனிதக் காலின் விசையும், அதற்குத் துணையாக ஒரு பூஸ்டரும் போதும். கம்பிரஸரும் தொட்டிகளும் வைக்கக் காரில் இடமில்லை, அவசியமும் இல்லை. பழுதாகும் ஆபத்துக்கு வேறொரு விடை கண்டார்கள். எண்ணெய்ப் பாதையை இரண்டாகப் பிரித்து, ஒன்று போனாலும் மற்றது இரண்டு சக்கரங்களையாவது பிடிக்கும்படி செய்தார்கள்.

ஆனால் இரண்டு பாதையையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடிய எதிரி ஒன்று உண்டு: வெப்பம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் கீழிறங்கும் கார், கியரில் வேகத்தைக் கட்டுப்படுத்தாமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சக்கரத்தருகே எண்ணெய் கொதிநிலைக்குப் போகும். டாட்-3 வகைப் புதுப் பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூற்றில் மூன்று நான்கு பங்கு நீர் கலந்ததும் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி சுருங்கும். மிதி தரையைத் தொட்டாலும் பிரேக் பிடிக்காது. எண்ணெய் அங்கேயேதான் இருக்கிறது, குழாய் உடையவில்லை. கொஞ்சம் ஆவி கலந்ததால் சுருங்காமை போயிற்று, அதோடு எல்லாமே போயிற்று. பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது வெறும் சர்வீஸ் சென்டர் வியாபாரம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

சமமாகப் பகிர்வது

எண்ணெயின் இன்னொரு குணம் லாரித் தொழிலில் அதிகம் பேசப்படாதது. 2018 டிசம்பரில் வந்தவாசி அருகே கொரக்கோட்டையிலிருந்து ஒரே கல்லில் வடித்த பெருமாள் சிலை, பெங்களூரு ஈஜிபுரத்துக்கு 240 சக்கர வண்டியில் புறப்பட்டது. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று போய்ச் சேர மாதக்கணக்கில் ஆனது. இத்தனை சக்கரம் இருந்தாலும், சாலை மேடுபள்ளமாக இருந்தால் மேட்டில் நிற்கும் சில சக்கரங்கள் மட்டும் பாரத்தை வாங்கும், பள்ளத்தில் உள்ளவை சும்மா தொங்கும். சும்மா தொங்கும் சக்கரம் எத்தனை இருந்து என்ன பயன்? பெரும் பாரம் ஏற்றும் பல அச்சு டிரெய்லர்களில் ஒவ்வோர் அச்சும் ஓர் எண்ணெய் உருளையின் மேல் அமர்கிறது. ஒரு தொகுதியைச் சேர்ந்த உருளைகள் எல்லாம் ஒரே குழாயில் இணைந்திருக்கும். மேட்டில் ஏறும் சக்கரத்தின் உருளை சுருங்க, அதன் எண்ணெய் பள்ளத்தில் உள்ள உருளைக்கு ஓடி அதை நீட்டும். எல்லாவற்றிலும் அழுத்தம் ஒன்றே என்பதால் எல்லாச் சக்கரமும் ஒரே பாரத்தைச் சுமக்கும். கணினியோ சென்சாரோ வேண்டியதில்லை. பாஸ்கல் சொன்ன ‘எல்லாத் திசைகளிலும் ஒரே அளவு’ என்ற இயல்பு தானே கணக்குப் பார்த்துப் பங்கிடுகிறது. இங்கேயும் எண்ணெய் பலம் எதையும் சேர்க்கவில்லை, இருப்பதைப் பகிர்கிறது.

மின்சாரம் வந்தால்?

வண்டிகள் மின்சாரத்துக்கு மாறும் காலத்தில் எண்ணெயும் காற்றும் தாக்குப்பிடிக்குமா? ஆகாய விமானம் ஒரு நல்ல முன்னோடிச் சான்று. பல ஆண்டுகளாகப் பயணிகள் விமானங்களின் எண்ணெய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 210 கிலோவாக இருந்தது. போயிங் 787-இல் அதை 350-க்கு உயர்த்தினார்கள். அழுத்தம் உயர்ந்தால் அதே விசைக்குச் சிறிய உருளை போதும், எடை குறையும். சக்கரத்தை உள்ளிழுக்கவும் இறக்கையின் மடல்களை அசைக்கவும் எண்ணெயே தொடர்ந்தது. ஆனால் அதே விமானத்தில் சக்கரப் பிரேக்கிலிருந்து எண்ணெயை நீக்கி மின்மோட்டார்களை வைத்தார்கள். சூடேறிய பிரேக்கின் மேல் கசியும் எண்ணெய் தீக்கு வழி என்பது பழைய கவலை, மின்பிரேக்கில் அந்தக் கவலை இல்லை. ஒரே விமானத்தில் ஓரிடத்தில் எண்ணெய்க்குப் பதவி உயர்வு, இன்னோரிடத்தில் வெளியேற்றம். பலத்தை மட்டும் பார்த்து எடுத்த முடிவானால் இப்படி இரண்டாகப் பிரிந்திருக்காது.

தரையிலும் இதே போக்கு தெரிகிறது. மின்கலத்தில் ஓடும் சிறு எக்ஸ்கவேட்டர்கள் வந்துவிட்டன. டீசல் எஞ்சின் போய் மின்மோட்டார் வந்திருக்கிறது, ஆனால் அந்த மோட்டார் சுழற்றுவது எண்ணெய்ப் பம்பைத்தான். கையளவு உருளையில் பல டன் விசையை அடக்கி, தூசியிலும் சேற்றிலும் அதிர்ச்சியிலும் தாக்குப்பிடிக்கும் மின்கருவியை மலிவாகச் செய்வது இன்னும் கடினம். ஆகவே டிப்பரின் தண்டில் எண்ணெய் நீண்ட காலம் இருக்கும். கார் பிரேக்கில் அதன் இடத்தை மின்மோட்டார்கள் மெல்லப் பிடிக்கக்கூடும். கனரக லாரியில் காற்றை அகற்ற விரும்பும் பொறியாளர், தம் மோட்டார் வில்லைவிட வலுவாக அழுத்தும் என்று நிரூபித்தால் போதாது. மின்சாரம் போனால் வண்டி தானாக நிற்குமா என்ற கேள்விக்கு, அந்தச் சுருள்வில் இன்று தரும் அளவுக்கு எளிய விடையை அவர் தர வேண்டியிருக்கும்.